வாங்கியவருக்குச் சான்று எப்போது?



தோட்டத்து மளிகைக் கடையில் பற்றுக்குச் சாமான் வாங்கி, சம்பளம் போட்டதும் கணக்கைத் தீர்த்த பழக்கம் நம் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். புதிதாக ஒரு குடும்பம் லயத்துக்கு வந்தால் கடைக்காரர் உடனே பற்று எழுதிவிடமாட்டார். அண்டை வீட்டுக்காரர் யாராவது, "நாணயமான மனிதர்தான், கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இருந்தால் அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் ரொக்கம்தான்.

இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் வியாபாரம் செய்கிறார்கள். வாங்குபவர் ஒரு நாட்டில், விற்பவர் இன்னொரு நாட்டில். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அங்கே அந்த அண்டை வீட்டுக்காரரின் வார்த்தைக்கு ஈடாக இருப்பதைத்தான் ஆங்கிலத்தில் பீட்பேக் என்கிறார்கள். நாம் அதைச் சான்று என்று சொல்வோம். இணைய ஏலத்தில் பொருள் விற்கிறவர், வாங்கியவருக்கு இந்தச் சான்றை எப்போது எழுதித் தர வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

இணைய ஏலத்தில் பெயர் பெற்றது ஈபே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிடியார் என்பவர் 1995ஆம் ஆண்டு செப்டம்பரில் அதைத் தொடங்கினார். மறு ஆண்டு பிப்ரவரியிலேயே சான்று முறையும் வந்துவிட்டது. ஒரு பொருள் கைமாறியதும் வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு வரி எழுதலாம். நல்லது என்றால் ஒரு புள்ளி கூடும். கெட்டது என்றால் ஒரு புள்ளி குறையும். இரண்டும் இல்லை என்றால் புள்ளி மாறாது. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அந்தக் கணக்கு நிற்கும். புதிதாக வந்தவருக்குப் பூஜ்யம்.

இதில் ஒரு கோளாறு புகுந்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளி வாழைமர நோட்டுகள் சில கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் செல்லாக் காசாகிப்போன நோட்டு இது. இன்று சேகரிப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2005ஆம் ஆண்டு ஒருவர் அதை ஏலத்தில் விடுகிறார். தூர தேசத்துக்காரர் ஒருவர் அதிக விலை கேட்டு, மறுநாளே பணத்தைக் கட்டிவிடுகிறார். நோட்டு போய்ச் சேர்கிறது. பிரித்துப் பார்த்தால் நடுவில் மடிப்பு, ஓரத்தில் கிழிசல். விளம்பரத்தில் இவை சொல்லப்படவில்லை. வாங்கியவருக்கு வருத்தம். ஆனாலும் அவர் எழுதத் தயங்குகிறார். ஏன்? விற்றவர் இன்னும் அவருக்குச் சான்று தரவில்லை. இவர் குறை எழுதினால் அவரும் பதிலுக்குக் குறை எழுதுவார். விற்றவரிடம் ஆயிரம் புள்ளி இருக்கலாம். ஒன்று போனால் நஷ்டமில்லை. வாங்கியவரிடம் இருப்பதோ ஆறே புள்ளி. ஆகவே அவர் வாயை மூடிக்கொள்கிறார். அடுத்து வாங்குகிறவர் அதே விற்பனையாளரை நம்பி ஏமாறுகிறார்.

பணம் கட்டிய மனிதருக்குரிய சான்றைப் பணயமாகப் பிடித்து வைத்திருந்ததால் வந்த வினை இது. இதைச் சாமர்த்தியம் என்று சொன்ன விற்பனையாளர்கள் அப்போது ஏராளம். எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரியவில்லை.

1999ஆம் ஆண்டில் ஈபேயில் நடந்த விற்பனைகளை பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்ட விற்பனைகளில் வாங்கியவர்கள் சான்று எழுதியிருந்தார்கள். எழுதியதில் நூற்றுக்கு 99 நல்ல சான்று! உலகத்தில் இவ்வளவு திருப்தி உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். நல்லபடி நடந்த வியாபாரமே அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மனக்குறை உள்ளவர்களில் பலர் பேசாமல் போயிருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒருவர் புகழ்ந்தால் மற்றவரும் புகழ்வதும், ஒருவர் குறை சொன்னால் மற்றவரும் குறை சொல்வதும் அந்த ஆராய்ச்சியில் தெளிவாகத் தெரிந்தன.

கடைசியில் ஈபே நிர்வாகமே தலையிட்டது. 2008ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, விற்பவர் வாங்கியவருக்கு நல்ல சான்று மட்டுமே தர முடியும்; கெட்ட சான்று தர முடியாது என்று விதி மாறியது. விற்பனையாளர்களுக்குக் கோபம். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பலர் ஒரு வாரம் பொருள் எதையும் விற்பனைக்குப் போடாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். விதி மாறவில்லை. தங்கும் வீடுகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வேறு வழி கண்டது. இரு தரப்பாரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் ஆகும் வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. இது இன்னும் நியாயமான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

சரி, இனிக் கெட்ட சான்று தர முடியாது என்றால், எப்போது எழுதினால் என்ன என்று கேட்கலாம். இன்றும் சில விற்பனையாளர்கள், "நீங்கள் எனக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், பிறகு நான் உங்களுக்கு எழுதுகிறேன்" என்று சொல்கிறார்கள். முன்பு மிரட்டலாக இருந்தது இப்போது கைக்கூலியாகிவிட்டது. நல்ல சான்று தந்தால்தான் இன்னது செய்வேன் என்று வாங்கியவரை நெருக்குவது ஈபே விதிக்கும் விரோதம்.

வாங்குகிறவரின் கடமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். கேட்ட விலையை, சொன்ன காலத்தில், முழுவதுமாகக் கட்ட வேண்டும். சரியான விலாசம் தர வேண்டும். அதோடு அவர் வேலை முடிந்தது. பொருளைப் பத்திரமாகக் கட்டி அனுப்புவது விற்பவர் வேலை. அது நல்லபடி போய்ச் சேராவிட்டால் அது வாங்கியவர் குற்றமாகாது. பால் நிறுத்துக் கொடுத்த பிறகு, ஆலையில் ஷீட் சரியாக வந்தால்தான் உன் பெயரை எழுதுவேன் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஆகவே, பணம் முழுவதும் வந்து சேர்ந்து, பொருளைத் தபாலில் போட்ட அன்றே சான்றையும் எழுதிவிடுவது முறை.

எதிர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். பணம் கட்டிய பிறகும் வஞ்சகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பொருள் வந்த பின் வரவில்லை என்பார்கள். நல்ல பொருளை வைத்துக்கொண்டு உடைந்த பொருளைத் திருப்பி அனுப்புவார்கள். அவருக்கு முன்கூட்டியே நல்ல சான்று தந்தால் மற்ற விற்பனையாளர்களை நாமே ஏமாற்றியதாகாதா? விலை உயர்ந்த பொருளாக இருந்து, பொருள் போய்ச் சேர்ந்தது என்று தபால் பதிவு காட்டும் வரை காத்திருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். அது பொருளுக்காகக் காத்திருப்பது. புகழுக்காகக் காத்திருப்பது வேறு. வஞ்சகரைப் பிடிக்கச் சான்று உதவாது. தபால் ரசீது, பதிவு எண், கட்டுவதற்கு முன் எடுத்த படங்கள் ஆகியவைதான் உதவும். அவற்றோடு நிர்வாகத்திடம் புகார் செய்ய வேண்டும். பணமே கட்டாதவருக்கு ஒன்றும் எழுத வேண்டியதில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு, பணம் வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி விற்பனையை ரத்து செய்துவிடலாம். நல்ல சான்றுக்குள்ளே ஏச்சை ஒளித்து வைத்து எழுதுவது சிலர் பழக்கம். அதுவும் விதிக்கு மாறானது.

புள்ளி பூஜ்யமாக இருப்பவர் விஷயத்தில் இன்னும் சீக்கிரம் எழுத வேண்டும். புள்ளி குறைந்தவர்கள் தம்மிடம் வாங்குவதற்குக் கட்டுப்பாடு வைக்கும் விற்பனையாளர்கள் உண்டு. முதன்முதலாக வாங்கிய ஒரு தாயாரோ மாணவரோ நமது ஒரு வரியால்தான் அடுத்த கடைக்குள் நுழைய முடியும்.

எழுத வேண்டியதும் அதிகமில்லை. "உடனே பணம் கட்டினார், அன்பாகப் பேசினார், நன்றி" என்றால் போதும். சான்று எழுத 60 நாள் அவகாசம் இருக்கிறது. பிறகு எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும். நிறைய விற்பவர்களுக்காக, சான்று தானாகவே போகும்படி செய்யும் ஏற்பாடும் ஈபேயில் இருக்கிறது. அதில் இரண்டு வழி உண்டு. வாங்கியவர் பணம் கட்டியதும் அனுப்பு என்பது ஒன்று. அவர் நமக்கு நல்ல சான்று தந்த பிறகு அனுப்பு என்பது மற்றொன்று. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விற்பனை செய்வதாக இருந்தால், இந்த இரண்டில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று இன்று இரவே கேட்டுப் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் முதலாவதுக்கு மாற்றச் சொல்லுங்கள்.