நீவாடு தெரியாத டாக்டர்

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் அறிஞர்களே! ஆடித்தபசுக் கூட்டம்போலத் திரண்டு வந்திருக்கும் சங்கரன்கோவில் பெருமக்களே!

'எழுத்தாளனை உருவாக்குவது படிப்பே' என்று நண்பர் அடிச்சுப் பேசிட்டுப் போனார். உதாரணத்துக்கு யாரைச் சொன்னார்? ஜோ டி குரூசை! பொருளாதாரத்தில் எம்.ஃபில். படித்தவராம். ஐயா, எம்.ஃபில். படிச்சவங்க நம்ம ஊர்லயே தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. 'ஆழி சூழ் உலகு' எழுதினவர் ஒருத்தர்தானே! (கைதட்டல்)

அவர் உவரியில் பிறந்த கடற்கரைப் பிள்ளை. கப்பல் தொழிலில் இருப்பவர். 2004-இல் அந்த நாவல் வந்தது. கட்டுமரத்தை நம்பிக் கடலுக்குப் போன மூன்று தலைமுறையின் கதை. அடுத்து 2009-இல் 'கொற்கை'. தூத்துக்குடித் தோணிகளின் வாழ்வும் தாழ்வும், ஆயிரம் பக்கத்துக்கு மேலே! அதற்குத்தான் 2013-இல் சாகித்திய அகாதெமி விருது.

படிப்பு அவருக்குப் பேனா கொடுத்துச்சு, மறுக்கலை. மை எங்கேயிருந்து வந்தது?

நானும் டாக்டர் பட்டம் வாங்கினவன்தான். நெய்தல் திணையை வருஷக் கணக்காக நடத்தியிருக்கேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எல்லாம் தூக்கத்திலும் சொல்லுவேன். ஆனால் கடல்மீனை நான் பார்த்தது ஐஸ் பெட்டியில்தான்! (சிரிப்பு)

ஒரு தடவை மீனவர் வீட்டுப் பையன் ஒருத்தன் கட்டுரையில் 'நீவாடு' என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை என்று சிவப்பு மையால் சுழிச்சு, மார்க்கையும் குறைச்சேன். பையன் ஒண்ணும் பேசலை. ஜோ டி குரூசைப் படிச்ச பிறகுதான் எனக்கு உறுத்துச்சு. கடற்கரைக்காரங்ககிட்ட விசாரிச்சேன். நீவாடுன்னா கடலில் ஓடுற நீரோட்டம். அது எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியாமல் வலை போட்டால் வலையும் போகும், சில நேரம் ஆளும் போகும். அந்தப் பையனோட அப்பாவைத் தினமும் கரை சேர்த்த சொல்லை, நான் பிழைன்னு அடிச்சிருக்கேன்!

இன்னொண்ணு. மேற்கே தெரியுதே மலை, அதை நாம மழை வருமான்னு பார்க்கிறோம். கட்டுமரத்துக்காரர் கடலில் நின்று அதே மலைத்தொடரைப் பார்ப்பார். மலை முகடும் கரையிலுள்ள மாதா கோயில் கோபுரமும் எப்படி ஒண்ணுக்கொண்ணு நேராக வருதுன்னு கணக்குப் பண்ணி, மீன் கிடக்கிற இடம் இதுதான் என்பார். எந்தப் பல்கலைக்கழகத்தில் இதுக்குப் பாடத்திட்டம் இருக்கு? எதிரணி சொல்லட்டும்!

நடுவர் மணியைத் தொட்டுட்டார். அந்தப் பையனுக்குக் குறைச்ச மார்க்கை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கலை. அதையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லுங்க ஐயா.