கலவரத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள்



1997 நவம்பர் 29 அன்று கோவை உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த தொடர்குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது. 2007இல் தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அன்று பத்தாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

அவர்களுக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. கடைவீதி படுத்துப்போனதால் படிப்பை விட்டு வேலை தேடியவர்கள் அவர்களில் உண்டு. பல முஸ்லிம் குடும்பங்கள் தம் மக்களோடு இருப்பதே பாதுகாப்பு என்று தெற்கே கரும்புக்கடைப் பக்கம் ஒதுங்கின. முஸ்லிம்கள் நிறைந்த கோட்டைமேட்டுப் பையன் வேலை கேட்டுப் போன இடத்தில், "எந்தப் பக்கமுங்க தம்பி?" என்பார் முதலாளி. "கோட்டைமேடுங்க" என்றதும் விண்ணப்பத்தை மடித்து மேசை ஓரத்தில் வைப்பார். "சொல்லி அனுப்பறேன்." அந்தப் பதிலின் பொருள் தெரிந்த பையன், அடுத்த இடத்தில் மாமன் வீட்டு விலாசத்தை எழுதுவான். மறுபக்கம், குண்டுவெடிப்பில் தகப்பனை இழந்த பிள்ளைக்குத் தொப்பியும் தாடியும் கண்டாலே உடம்பு பதறும். இரண்டும் ஒரே ஊரின் காயம்.

இந்தக் காயத்தோடு நம்பிக்கை எப்படி வளரும்? அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஸ்னைடர் 1991இல் நம்பிக்கையை அளக்க ஓர் அளவுகோல் தந்தார். அதில் இரண்டே கூறுகள்: போகும் வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும், போய்ச்சேர முடியும் என்ற துணிவும் வேண்டும். நாம் இளைஞர்களிடம் துணிவைப் பற்றியே பேசுகிறோம். விலாசத்தைப் பார்த்து வழியை அடைத்துவிட்டு, "தன்னம்பிக்கை வேணும் கண்ணு" என்று அறிவுரை சொல்வதில் என்ன பயன்?

வழி திறந்த நேரங்களும் உண்டு. 2022 தீபாவளிக்கு முந்தைய நாள் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன் கார் வெடித்தது. பிறகு ஜமாத் பெரியவர்கள் கோவிலுக்கே போய்ப் பேசினார்கள். ஊர் கலவரத்தில் இறங்கவில்லை. அதே ஆண்டில் மாநகரக் காவல்துறை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடிப்போய் மறுபடி வகுப்பில் சேர்த்தது. காவலர் வந்து வீட்டு வாசலில் நின்றால் விசாரணைக்குத்தான் என்றிருந்த தெருக்களில் இது சிறிய காரியமல்ல.

ஆனால் நம் அமைதிக் கூட்டங்களில் இன்னமும் நரைத்த தலைகள்தான் தெரிகின்றன. பதினெட்டு வயதுக்காரரை ஊர் கூப்பிடுவது பெரும்பாலும் சந்தேகத்தின் பேரில்தான். அவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். நம் போத்தனூர்க் கடைக்காரர்களுக்கும் பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை வேலை கேட்டு வரும் பிள்ளையிடம் என்ன தெரியும் என்று கேளுங்கள், எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.