வந்தவர் காத்த சந்தையூர்

நேயர்களே, பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு: 'இவ்வூரின் பழமையில் நமக்கும் பங்கு உண்டோ?' இதற்கு இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றின் வரலாறு விடை பகர்கின்றது.

குளோஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்ட் குன்றுகளிடையே அமைந்த ஊர் சிப்பிங் கேம்டன். 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளியே அவ்வூருக்குச் செல்வம் தந்தது. 1401ஆம் ஆண்டில் மறைந்த கம்பளி வணிகர் வில்லியம் கிரெவெலின் வீடு இன்றும் அங்கே நிற்கின்றது.

ஊரின் பிற பெருமைகளைப் படைத்தவர் யாவர்? பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவரே! 1612இல் ஏழை முதியோர் பன்னிருவர்க்கு அறமனை எழுப்பியவரும், 1627இல் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்போர் மழைக்கு ஒதுங்கக் கல் வளைவுகளோடு சந்தை மண்டபம் கட்டியவரும் லண்டன் பட்டு வணிகரான பாப்டிஸ்ட் ஹிக்ஸ் ஆவார்.

கம்பளி வாணிகம் நலிந்து ஊர் அயர்ந்திருந்த காலத்தில், 1902இல், சி. ஆர். ஆஷ்பீ என்பார் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து கைவினைஞர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும், ஏறத்தாழ 150 பேரை, அங்குக் குடியேற்றினார். பழைய பட்டாலை ஒன்று வெள்ளிவேலைக்கும் மரவேலைக்கும் பட்டறையாயிற்று. இயந்திரப் பொருள்களின் மலிவை எதிர்த்து நிற்க இயலாமல், சில ஆண்டுகளில் அச்சங்கம் கலைந்தது. ஆயினும் சிலர் ஊரைவிட்டு அகலவில்லை. அவர்கள் கைத்திறன் தலைமுறை தாண்டியும் அவ்வாலையிலேயே நிலைபெற்றது.

நமக்கு உறவான ஒருவரும் அங்கு வாழ்ந்தார். இலங்கைத் தமிழரான சர் முத்துக் குமாரசாமியின் மைந்தர், கலையறிஞர் ஆனந்த குமாரசாமியே அவர். அருகிலுள்ள பிராட் கேம்டனில், ஆஷ்பீ செப்பனிட்ட பழைய நார்மன் தேவாலயத்தை இல்லமாகக் கொண்டார். கண்டி நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றிய தம் பெருநூலை அங்கேயே கை அச்சுப்பொறியில் அச்சிட்டு 1908இல் நிறைவேற்றினார். அயலூரின் பட்டறை ஓசைக்கிடையே தம் தாயகத்தின் கலையை அவர் மறவாமற் காத்தார்.

1940களில் சந்தை மண்டபம் விலைபோகும் நிலை வந்தபோது, ஊரார் பொருள் திரட்டி அதனை மீட்டு, தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர்.

ஆகவே நேயர்களே, பழமை என்பது பிறப்பால் மட்டும் வரும் சொத்தன்று. பேணுவோர்க்கும் அது உரியது. நாம் குடிபுகுந்த ஊரின் குளத்தையும் கோயிலையும் கடைத்தெருவையும் நம்முடையனவாகக் கருதிப் போற்றுவோமாக. அவ்வாறு போற்றுவதால் நம் மொழியும் கலையும் குன்றா. குமாரசாமியின் வாழ்வே அதற்குச் சான்று.