புண் ஆற்றும் பச்சிலையும் ஔடத தானமும்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. சமணச் சான்றோர் இயற்றிய ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் மருந்துகளின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. உடற்பிணிக்கு மருந்தும் உயிர்ப்பிணிக்கு அறமும் என இரண்டையும் நம் முன்னோர் ஒருங்கே எண்ணினர்.

வயலும் வரப்பும் நம்மவருள் பலர்க்கு வாழ்வு. அரிவாள் பட்ட விரலும் முள் தைத்த காலும் நமக்குப் புதியன அல்ல. தோலில் உண்டாகும் புண்ணுக்குப் பச்சிலை எவ்வளவு துணை செய்யும், அத்துணையின் எல்லை யாது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

வரப்போரத்தில் வளரும் வெட்டுக்காயப் பூண்டை அறியாதார் இலர். அதன் இலைச்சாறு சிறு கீறலில் கசியும் குருதியை நிறுத்தும் என்பது உழவர் பட்டறிவு. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து இங்கு வந்த செடி அது. ஆயினும் நம் மக்கள் அதன் பயன் நோக்கியே பெயர் சூட்டினர். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு என்னும் பொருள், புதுத்தோலுக்கு உரம் தரும் கொலாஜன் புரதம் உருவாகத் துணை செய்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மஞ்சளில் உள்ள குர்குமின் வீக்கம் தணிக்க வல்லது. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளை முன்வைத்து எதிர்த்தமையால், 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

இத்தகு பெருமையைப் பேசும்போதே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரணசன்னி என்னும் கொடிய நோயைத் தரும் நுண்ணுயிர் மண்ணில் உறைவது. கழுவாத இலையோடும் சாணத்தோடும் அது புண்ணுக்குள் புகும். ஆதலால் முதல் மருந்து தூய நீரும் சோப்பும் கொண்டு புண்ணைக் கழுவுதலே. மேலோட்டமான சிராய்ப்பு வரையில்தான் பச்சிலைக்கு இடம் உண்டு. ஆழ்ந்த வெட்டு, துருப்பிடித்த ஆணி, விலங்குக்கடி, தீப்புண், நீரிழிவு உடையவர் காற்புண் ஆகியவற்றுக்கு மருத்துவரையே நாடல் வேண்டும். இரணசன்னித் தடுப்பூசியும் உரிய காலத்தில் போட்டிருத்தல் வேண்டும். நீரிழிவால் கால் மரத்தவர்க்குப் புண்ணின் வலி தெரியாது. வலியில்லை என்று நாள் கடத்திக் காலையே இழந்தோர் உண்டு.

செடியும் ஓரறிவுயிர் என்பது நம் கொள்கை. எனவே வேரோடு பிடுங்காது, வேண்டிய இலைகளை மட்டும் கொய்வோம். அரைக்குமுன் ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்து, சிற்றுயிர் இருப்பின் மெல்ல விலக்கி, வடிகட்டிய நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி அதனால் கழுவுவோம். சிற்றுயிரைக் காக்கும் அக்கவனமே புண்பட்டவரையும் அழுக்கினின்று காக்கிறது. தேனைத் துறந்தோரும் தயங்க வேண்டுவதில்லை. இம்மூன்று மூலிகைகளுக்கும் தேன் தேவையில்லை.

ஊர்தோறும் ஜினாலயத்தை ஒட்டி ஒரு சிறு மூலிகைப் பாத்தி அமைப்போம். அதன் அருகே அண்மை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைப்போம். இலை கொடுப்பதும் ஔடத தானம். இரவு நேரமாயினும் வண்டி பிடித்து ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் ஔடத தானமே.