புவாரோவை ஓட விடாதீர்கள்

அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நாவலில் வாழும் புவாரோவும் திரையில் வரும் புவாரோவும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் படம் ஒன்று உண்டு. கென்னத் பிரானா தாமே இயக்கி, தாமே புவாரோவாக நடித்து 2017இல் வெளியான 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. கொலையாளி யார் என்று நான் சொல்லிவிட மாட்டேன். நாவலை இன்னும் படிக்காதவர்கள் தைரியமாகக் கேட்கலாம்.

படம் ஜெருசலேமில் தொடங்குகிறது. காலை உணவுக்கு வரும் இரண்டு அவித்த முட்டைகளும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்று புவாரோ அடம்பிடிக்கிறார். இது அசல் சரக்கு. நாவல்களின் புவாரோவுக்கும் எதிலும் ஒழுங்கு வேண்டும், சீர் வேண்டும். ஆனால் அடுத்த சில நிமிடங்களில், தெருவில் நடந்து போகும்போது அவருடைய ஒரு கால் சாணியில் பதிந்துவிடுகிறது. ஒரு கால் மட்டும் அழுக்காக இருந்தால் சமநிலை கெட்டுவிடுமாம். மற்ற காலையும் வேண்டுமென்றே அதில் வைக்கிறார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். புவாரோவை அறிந்தவர்களுக்கோ திக்கென்று இருக்கும். பளபளக்கும் பேடன்ட் லெதர் காலணியில் கொஞ்சம் மணல் ஒட்டினாலே பதறிப்போகிறவர் அவர். ஒழுங்கு வேண்டும் என்ற பழக்கத்தை நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்துக்கு உரிய மனிதரை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொலை நடக்கும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் பனியில் சிக்கிய பிறகு, பாலத்தைத் தாங்கும் சட்டங்களின் நடுவே, படிகளில் தடதடவென்று இறங்கி ஓர் ஆளைத் துரத்துகிறார் புவாரோ. அப்புறம் துப்பாக்கி வெடிக்கிறது, அவர் கையில் குண்டு உரசுகிறது. 1934இல் வெளிவந்த நாவலில் இதெல்லாம் கிடையவே கிடையாது. யூகோஸ்லாவியாவில் வின்கோவ்சிக்கும் பிராடுக்கும் இடையே ரயில் நின்றுவிடுகிறது. போலீஸ் வர வழியில்லை. யாரைப் பற்றியும் வெளியில் விசாரிக்க முடியாது. உணவுப் பெட்டியில் ஒரு மேசையருகே உட்கார்ந்துகொண்டு, புவாரோ பயணிகளை ஒவ்வொருவராக வரவழைத்துப் பேசுகிறார். பாஸ்போர்ட்டுகளைப் புரட்டுகிறார், பெட்டிகளைச் சோதிக்கிறார். கடைசியில் கண்ணை மூடி யோசிக்கிறார். அவருடைய வீரதீரம் முழுவதும் அந்த நாற்காலியிலேயே நடந்து முடிகிறது.

புவாரோ ஏன் ஓடுவதில்லை? வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் கிறிஸ்டி டார்க்கீ நகரில் மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் வேலை பார்த்தார். ஜெர்மானியப் படையெடுப்புக்குத் தப்பி வந்த பெல்ஜிய அகதிகள் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்களிலிருந்துதான் புவாரோ பிறந்தார். 1916இல் எழுதப்பட்டு 1920இல் வெளிவந்த முதல் நாவலிலேயே அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், மோசமாக நொண்டுகிறவர், பிறர் தயவில் குடியிருக்கும் அகதி. பிறந்த மண் போய்விட்டது, பதவி போய்விட்டது. பார்க்கிற ஆங்கிலேயர்களுக்கு அவர் ஒரு வேடிக்கைப் பொருள். குள்ளம், மீசை, உடைந்த ஆங்கிலம்.

அந்த ஏளனத்தையே அவர் ஆயுதமாக ஆக்கிக்கொள்கிறார். 'த்ரீ ஆக்ட் டிராஜெடி' நாவலின் முடிவில் இதை அவரே வாய்விட்டுச் சொல்கிறார். அவருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். தப்பும் தவறுமாகப் பேசினால் ஆங்கிலேயர்கள் அவரை மட்டமாக நினைப்பார்கள், நினைத்தால் அசட்டையாக இருப்பார்கள், அசட்டையாக இருந்தால் வாய் தவறும். கிறிஸ்டியின் கதைகளில் கொலையாளிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடுக்கில்தான். இந்த ஆளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்து ஒருவர் அலட்சியமாகச் சொன்ன அற்பச் செய்தி ஒன்று, இருநூறு பக்கம் கழித்து அவரையே வந்து பிடிக்கும். பிரானாவின் புவாரோவை யார் அசட்டை செய்வார்கள்? கம்பீரமான தோற்றம், ஊரே கூடி நின்று கேட்கும் பேச்சு, கையில் சண்டைக்கும் ஏற்ற ஊன்றுகோல். இவர் எதிரில் வந்தால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். என்னைப் பொறுத்தவரை படத்தின் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

சினிமா என்றால் அசைவு வேண்டும், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். இதே கதையை சிட்னி லூமெட் 1974இல் எடுத்தார். அதில் ஆல்பர்ட் ஃபின்னி புவாரோ. இங்க்ரிட் பெர்க்மன் பயந்த சுபாவமுள்ள மிஷனரிப் பெண்ணாக வருகிறார். அவரை விசாரிக்கும் காட்சியை லூமெட் துண்டு துண்டாக வெட்டவில்லை. நான்கு நிமிடத்துக்கும் மேலாக ஒரே ஷாட். பெர்க்மன் தடுமாறுகிறார், சொல் தேடுகிறார், கண் கலங்குகிறார். கேமரா அவர் முகத்தை விட்டு அகல மறுக்கிறது. அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி ஒரு துரத்தலைவிட நெஞ்சைப் பிடித்து இழுக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இனி மீசைக்கு வருவோம். திரையில் முதல்முதலாக, 1931இல் புவாரோவாக நடித்த ஆஸ்டின் டிரெவருக்கு மீசையே இல்லை! ஃபின்னியின் படம் கிறிஸ்டிக்குப் பிடித்திருந்தது; ஆனால் மீசை போதவில்லை என்று அவருக்குக் குறை. அந்தக் கணக்கில் பிரானா வள்ளல். கன்னம் தாண்டிப் படர்ந்த அந்த இரட்டை அடுக்கு மீசையைப் பலர் கேலி செய்தார்கள். நான் அவர் பக்கம். இங்கிலாந்திலேயே ஈடு இணையற்ற மீசை தன்னுடையது என்று நம்பும் மனிதருக்கு அது தகும்.

ஆனால் 2022இல் வந்த 'டெத் ஆன் தி நைல்' படத்தில் அந்த மீசைக்கு ஒரு பூர்வகதை வைத்தார்கள். 1914, போர்முனை, இளம் சிப்பாய் புவாரோ, வெடிவிபத்தில் சிதைந்த முகம், தழும்பை மறைக்க மீசை வளர்க்கச் சொல்லும் காதலி. எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது. நாவலின் புவாரோ அந்தப் போர் வந்தபோதே ஓய்வு பெற்றவர் என்ற காலக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். புவாரோவின் மீசை கலப்பில்லாத கர்வம். கண்ணாடி முன் நின்று தன் அழகில் தானே மகிழும் ஒரு கிழவரின் சந்தோஷம். நாட்டை இழந்த ஒருவர் தன்னைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்டுக்கொள்கிறாரே என்பதுதான் அவரை நாம் நேசிக்கக் காரணம். அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு காயத்தை வைத்தவுடன் அவர் நம் இரக்கத்துக்கு உரியவராகிவிடுகிறார். இரக்கத்தை அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

மாற்றமே கூடாது என்று நான் வாதாடவில்லை. 1989 முதல் 2013 வரை எழுபது தொலைக்காட்சிப் படங்களில் புவாரோவாக வாழ்ந்த டேவிட் சூஷே, நாவல்களைப் படித்து அவருடைய ஒவ்வொரு பழக்கத்தையும் குறித்து வைத்துக்கொண்டு நடித்தவர். அவருடைய ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் 2010இல் வந்தது. அதில் புவாரோ பயணிகள் மீது வெடித்துச் சீறுகிறார், ஜெபமாலையைப் பற்றிக்கொண்டு தவிக்கிறார். நாவலில் இத்தனை வேதனை இல்லை. ஆனாலும் அது புவாரோவுக்குள்ளிருந்து வருகிற வேதனை. கத்தோலிக்கர், ஒழுங்கை நம்புகிறவர், சட்டத்துக்கும் நியாயத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் அப்படித்தான் துடிப்பார். புதிய விளக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

புவாரோவை எவ்வளவு மாற்றலாம் என்ற இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியதும் அல்ல. புவாரோ முதன்முதலாக மேடையேறியது 1928இல், 'அலிபை' நாடகத்தில். நாடகமாக்கியவர் புவாரோவின் வயதில் இருபதைக் குறைத்து, பெண்கள் மயங்கும் அழகனாக்கத் திட்டமிட்டார். கிறிஸ்டி பிடிவாதமாக எதிர்த்து அதைத் தடுத்தார். பின்னாளில் அவரே தம் நாவல்களை நாடகமாக்கியபோது என்ன செய்தார் தெரியுமா? 'டெத் ஆன் தி நைல்', 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்', 'தி ஹாலோ' ஆகிய மூன்றிலிருந்தும் புவாரோவையே நீக்கிவிட்டார். மேடைக்கு அவர் பொருந்த மாட்டார் என்று தோன்றியபோது, பொருந்தும்படி அவரை வளைக்கவில்லை, வெளியே அனுப்பினார். பாலத்திலிருந்து இறங்கி ஓடவும் குண்டடி படவும் ஒரு நாயகன் தேவை என்றால் திரைக்காரர்களும் அதையே செய்யலாம். ஒரு புதிய துப்பறிவாளரை உருவாக்கி, அவருக்குப் புதிதாக ஒரு பெயரும் வைத்துக்கொள்ளட்டும்.