செல்போன் பயம்

(ஈரோட்டில் மாணவர் கூட்டத்தில் பேசியது)



செல்போன் கையில் இல்லாவிட்டால் மாணவர்களுக்குப் படிப்பு ஓடுவதில்லை, தூக்கம் பிடிப்பதில்லை, ஏதோ பறிகொடுத்தவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள் என்று சொல்லி, அதைப்பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தப் பயத்திற்கு 2008-ல் இங்கிலாந்து தபால் இலாகா நடத்திய ஒரு விசாரணையின்போது 'நோமோபோபியா' என்று பெயரும் வைத்தாய்விட்டது. பெயர் வைத்ததாலேயே ஒன்று வியாதியாகிவிடாது. ஆனால் பயம் மெய்தான். தாயத்தை அவிழ்த்தவனுக்கு வரும் பயமும் மெய்தானே!

இந்தப் பயம் எப்படி உண்டாகிறதென்று பாருங்கள். 1948-ல் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்னும் மனோதத்துவ அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். பசித்த புறாக்களைக் கூண்டிலிட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கொரு தரம் தீனி கிடைக்கும்படி வைத்தார். தீனி வந்த சமயம் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றினதால்தான் வந்தது என்பதுபோல் ஓயாமல் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. நமது கோவில் பிரகாரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். புறாக்களிடம் உண்டியல் மாத்திரம் இல்லை. தீனி எந்தக் கொத்துக்கு வருமென்று தெரியாதபடி வைத்தால், புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதும் அவர் ஆராய்ச்சியில் கண்டதே. நீங்கள் பத்துத் தரம் போனைத் திறந்தால் ஒரு தரம் சேதி இருக்கிறது. அந்த ஒன்றுக்காக ஒன்பது தரம் கொத்துகிறீர்கள். முடிவில்லாமல் ஓடும் பக்கத்தை 2006-ல் அமைத்த ஆசா ராஸ்கின் என்பவரே பின்னால் அதற்காக வருத்தம் தெரிவித்தார். கம்பெனிக்காரர்களுக்கு வருத்தமென்ன? நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு நிமிஷத்தையும் விளம்பரக்காரனுக்கு விற்றுக் காசாக்குகிறார்கள். விஞ்ஞானம் கொடுத்த கருவியில் இராகுகாலமும் இராசிபலனும் பார்க்கிற புத்திசாலிகளும் நம்மிடையே உண்டு, அது கிடக்கட்டும்.

2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோவில்களுக்குள் செல்போன் கூடாதென்றது. பழனியிலும் 2023 அக்டோபரில் தடை வந்தது. அடிவாரத்தில் போனைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற மாணவன் வரிசையில் மணிக்கணக்காய் நிற்கிறான், ஒன்றும் ஆகிவிடுவதில்லை. முருகன் மகிமை என்பீர்களா? பரீட்சை மண்டபத்தில் 3 மணி நேரம் போன் இல்லாமல் எழுதுகிறானே, அங்கே எந்த முருகன்? எனக்குத் தெரிந்த காரணம், இரண்டு இடத்திலும் பக்கத்தில் இருப்பவனிடமும் போன் இல்லை என்பதுதான். எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, நான் மாத்திரம் தள்ளப்பட்டேனே என்பதில்தான் பயம் இருக்கிறது.

பெரியவர்கள் கண்ட வைத்தியம் பிடுங்கிக் கொள்வது. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினபோது, கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுங்கள், பாடம் அதில்தான் என்று சொன்னவர்கள் யார்?

பையனிடம் பிடுங்குவது படிப்புக்கென்றே வைத்துக் கொள்வோம். பெண்ணிடம் பிடுங்குவது எதற்கு? 2019-ல் குஜராத்தில் பனாஸ்காந்தா ஜில்லாவிலே தாக்கோர் சாதியார் சிலர் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாதென்று தீர்மானித்தார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தால் குடும்பத்துக்கு அபராதம் என்பதும் அதனுடன் சேர்ந்த தீர்மானமே. நமது கொங்கு நாட்டிலே தீர்மானம் போடாமலே இது நடக்கிறது. வீட்டுக்குள் அடைத்து, படிப்பை நிறுத்தி, கேட்காமலே மாப்பிள்ளை பேசும்போது, 181-க்கோ 1098-க்கோ கூப்பிட அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன வழி? போன் இல்லாவிட்டால் அவள் படுகிற பயத்தை வியாதி என்பவனைவிடப் பெரிய மோசக்காரன் இல்லை.

விடுதி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரும் பிடுங்குமுன் நீங்களே கூடிப் பேசி, இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை எல்லாப் போன்களையும் ஒரே பெட்டியில் வையுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். வார்டன் போனும் அதே பெட்டிக்குள் போகட்டும். அவசரத்துக்கு ஆபீஸ் போன் போதும். ஆண் விடுதிக்கும் பெண் விடுதிக்கும் ஒரே விதி. பதினைந்து நாள் நடத்திப் பார்த்து, நான் சொன்னது தப்பென்று கண்டால் நமது பத்திரிகைக்கு எழுதுங்கள், பதில் சொல்லுகிறேன்.