வாபஸ் வாங்க வேண்டியது யார்?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)



மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சார். லடாக் பனியில் காவல் நின்ற மனுசர். இதயநோய். மருத்துவ வாரியம் 30 சதவீத பாதிப்புன்னு எழுதிட்டு, "பணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு ஒரே வரியில் முடிச்சிடுச்சு. டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லை. "போளூர் இறங்கி, பஸ் மாறி, சென்னை தீர்ப்பாயத்துக்கு இனி அலைய முடியாது தம்பி. கேஸை வாபஸ் வாங்கிடறேன்"னார்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், வீரர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு, வீரர் அல்ல. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். ஆனால் காரணம் எழுதாமல் கைகழுவக் கூடாது என்பது இதயநோய்க்கும் பொருந்தும்.

2014-ல் ராம் அவதார் வழக்கு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கும் 50-க்குக் கீழான சதவீதத்தை 50 ஆகவே கணக்கிட வேண்டும் என்றது தீர்ப்பு. கடைசிச் சம்பளத்தில் 9 சதவீதம் 15 ஆகும். ஒரு குடும்பத்தின் மாத்திரைச் செலவுங்க அது!

இன்று வாபஸ் வாங்கி, சில வருசம் கழித்துத் திரும்பப் போனால், நிலுவைத் தொகை முழுதாகக் கிடைக்காமல் போகலாம். வாபஸ் வாங்கியே ஆகணும்னா, மீண்டும் வழக்குப் போடும் உரிமையை உத்தரவிலேயே எழுதி வாங்குங்க. பழங்குடியினருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருவண்ணாமலை சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்க.

ஒன்றிய அரசுக்கு ஒரு கேள்வி. தீர்ப்பாயத்தில் ஜெயித்த வீரர்களையும் மேல்முறையீடு போட்டு ஏன் இழுத்தடிக்கிறீர்கள்? இப்படிப்பட்ட மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறச் சொல்லி, பாதுகாப்பு அமைச்சகமே அமைத்த நிபுணர் குழு 2015-லேயே பரிந்துரைத்ததே!

வாபஸ் வாங்க வேண்டியது எங்கள் பெரியவர் இல்லை. நீங்கள்தான்!

உங்கள் ஊரில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பகிருங்கள்.